ஐந்து வயதில் ரிட்டயர்மென்ட்!

1960, மார்ச் 18. இங்கிலாந்தில் ஸ்விண்டன் நகர ரயில்வே தொழிற்சாலையில் பெயர் சூட்டு விழா. குழந்தைக்கு அல்ல, 86 டன் எடையுள்ள நீராவி எஞ்சினுக்கு! அது கூட்ஸ் வண்டி இழுக்கப் பிறந்த எஞ்சின். அந்த ஜாதிக்கு எப்போதும் கறுப்பு பெயின்ட்தான். இதற்கு மட்டும் எக்ஸ்பிரஸ் எஞ்சின் மாதிரி பச்சை நிறம், புகைபோக்கி உச்சியில் செம்புக் கிரீடம். எண் 92220. ஊழியர்களுக்குப் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த பெயர், 'ஈவினிங் ஸ்டார்'. அதாவது, அந்தி வெள்ளி!

பெயரிலேயே விஷயம் இருக்கிறது. பிரிட்டிஷ் ரயில்வே தயாரித்த கடைசி நீராவி எஞ்சின் அதுதான்.

ரயில்வே 1948-ல் அரசுடைமையானபோது, எஞ்சின்களுக்குப் பொறுப்பேற்ற ராபர்ட் ரிடில்ஸ் ஒரு கணக்குப் போட்டார். நிலக்கரி சொந்த மண்ணிலேயே கிடைக்கிறது. எண்ணெயைக் கப்பலில்தான் கொண்டுவர வேண்டும். மின்மயம் ஆகிறவரை நீராவியே போதுமே! நியாயமான கணக்குதான். 1951-லிருந்து மொத்தம் 999 புது எஞ்சின்கள் தயாராயின. ஆயிரம் ஆவதற்குள் நிறுத்திவிட்டார்கள். 999-வது, நம்ம ஈவினிங் ஸ்டார்!

ஏன் நிறுத்தினார்கள்? 1955-ல் 124 கோடி பவுண்டு செலவில் நவீனமயத் திட்டம் வந்தது. இனி டீசலும் மின்சாரமும்தான் என்று முடிவு. இன்னொரு காரணமும் உண்டு, ஆள் கிடைக்கவில்லை! நீராவி எஞ்சினைக் கிளப்புவது என்றால் சும்மாவா? பல மணி நேரம் முன்பே நெருப்பு மூட்டணும். 40 சதுர அடி அடுப்புக்குள் ஃபயர்மேன் கரியை வாரிப் போட்டபடியே போகணும். வண்டி திரும்பியதும் சாம்பல் அள்ளணும். பக்கத்துத் தொழிற்சாலையில் சுத்தமான வேலை கிடைக்கும்போது எந்த இளைஞன் இதற்கு வருவான்?

ஆனால், எஞ்சின் மீது ஒரு குறையும் இல்லை. பத்துச் சக்கரங்கள் சேர்ந்து இழுக்கும் இந்த '9எஃப்' வகையில் ஒன்று, மணிக்கு 90 மைல் வேகத்தைத் தொட்டிருக்கிறது. கூட்ஸ் எஞ்சினுக்கு இது கொஞ்சம் ஓவர்! 1960-ல் ஈவினிங் ஸ்டாரையே லண்டன் எக்ஸ்பிரஸ் ஒன்றில் மாட்டினார்கள். அது பறந்த பறப்பைப் பார்த்து மேலதிகாரிகள் மிரண்டுபோய், 'இனி வேண்டாம்' என்று தடை போட்டுவிட்டார்கள்.

அதன் வாழ்வில் உச்சம், 1962 செப்டம்பர் 8. பாத் நகரிலிருந்து மெண்டிப் மலைகளைக் கடந்து தெற்கே போர்ன்மவுத் போகும் பாதை. கனமான வண்டி என்றால் வழக்கமாக இரண்டு எஞ்சின் கோக்க வேண்டிய ஏற்றம். அந்த வழியே 'பைன்ஸ் எக்ஸ்பிரஸ்' ஓடும் கடைசி நாள் அன்று. பன்னிரண்டு பெட்டிகளையும் ஈவினிங் ஸ்டார் தனியாளாகவே இழுத்துக்கொண்டு மலையேறியது! (9எஃப்-களில் பயணிகள் பெட்டியைச் சூடாக்கும் வசதி கிடையாது. அதனால் குளிர்காலத்தில் இந்தப் பெருமையெல்லாம் கிடைக்காது.)

நீராவி எஞ்சின் என்றால் முப்பது, நாற்பது வருஷம் சர்வசாதாரணமாக உழைக்கும். ஈவினிங் ஸ்டாரை 1965 மார்ச்சில் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வயது ஐந்து! அதையும் சேர்த்து இந்த வகையில் மொத்தம் 251. எல்லாமே 1968 ஜூனுக்குள் அவுட். அவற்றில் பெரும்பாலானவை பழைய இரும்பாகப் போயின.

இதில் வேடிக்கை, அதே ஸ்விண்டனில் 1964-65-ல் 56 டீசல் எஞ்சின்களைக் கட்டினார்கள். அவற்றுக்குக் கொடுக்க வேலையே இல்லை! பலவற்றை நாலைந்து வருஷத்தில் தள்ளிவிட்டார்கள். நீராவிக்குச் செய்ததைப் பெரிய அவசரம் என்றுதான் நான் சொல்வேன்.

கடைசி எஞ்சின் என்ற பட்டம் ஈவினிங் ஸ்டாரைக் காப்பாற்றியது. உடைக்காமல் தேசிய ரயில்வே மியூசியத்துக்குக் கொடுத்தார்கள். எழுபதுகளில் மறுபடி நெருப்பு மூட்டி, சிறப்பு ரயில்களில் பூட்டினார்கள். எண்பதுகளிலும் ஓடியது. கணக்குப் பார்த்தால், சம்பளத்துக்கு உழைத்த வருஷங்களைவிட ரிட்டயர் ஆன பிறகு ஓடியதுதான் அதிகம்!