ஆய்வுக்கூடத்தில் அபாயம்

திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்தில் குடியிருக்கும் தமிழரானாலும் சரி, மும்பை மாதுங்காவில் வாழ்பவரானாலும் சரி, காய்ச்சல் நீடித்தால் இரத்தப் பரிசோதனைக்குச் செல்லாதவர் அரியர். முடிவை எதிர்பார்த்து நிற்கும் நாம், அந்த இரத்தத்தைக் கையாள்பவருக்கு என்ன தீங்கு நேரக்கூடும் என்று எண்ணுவதில்லை. அத்தீங்கின் வரலாறு அறியத் தக்கது.

கிருமியியல் வளர்ந்த தொடக்க நாட்களில், கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து நீர்மத்தை உறிஞ்சி எடுப்பதே வழக்கம். கவனம் சற்றுப் பிசகினால் நோய்க்கிருமி நாவைச் சேரும். ஆராயப்பட்ட நோயே ஆராய்ந்தவரைக் கொண்டு சென்றதும் உண்டு. டைபஸ் காய்ச்சலை ஆராய்ந்த ரிக்கெட்ஸ் 1910-இலும், புரோவாசெக் 1915-இலும் அக்காய்ச்சலாலேயே மாண்டனர். அந்நோய்க் கிருமி இன்று அவ்விருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

நம் நாட்டு அனுபவமும் இதற்குச் சான்று. 1957-ஆம் ஆண்டு மைசூர் இராஜ்யத்து ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர்க் காட்டிலே குரங்குகள் மடிந்தன. அயலூர் மக்களும் கடுங்காய்ச்சலுற்றனர். புணே நகரில் 1952-இல் தொடங்கப்பெற்ற வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார், உண்ணி பரப்பும் புதியதொரு வைரஸே காரணம் எனக் கண்டனர். ஆயினும், ஆய்வுக்கூடத்தில் அவ்வைரஸைக் கையாண்ட ஊழியர் பலரையும் அக்காய்ச்சல் பற்றியது. குழாயைக் குலுக்கும்போதும் சுழற்றும்போதும் எழும் நுண்துளிகள் மூச்சோடு உட்செல்லக்கூடும் என்ற உண்மையை இத்தகைய நிகழ்ச்சிகளே உலகுக்கு உணர்த்தின.

1967-இல் ஜெர்மனியின் மார்பர்க், பிராங்க்பர்ட் நகரங்களிலும் யுகோஸ்லாவியாவின் பெல்கிரேடிலும், உகாண்டாவிலிருந்து தருவித்த குரங்குகளின் வழியே புதுநோய் பரவியது. நோயுற்ற 31 பேரில் எழுவர் இறந்தனர். 1978-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பெரியம்மைக்குப் பலியான ஜானட் பார்க்கர் ஆராய்ச்சியாளர் அல்லர். பெரியம்மை ஆய்வுக்கூடத்திற்கு மேல்மாடியில் பணியாற்றிய புகைப்படக்காரர்.

இப்பாடங்களால் வாயால் உறிஞ்சும் வழக்கம் விலக்கப்பட்டது. காற்றை வடிகட்டும் பாதுகாப்புப் பேழைகள் வந்தன. புணேயில் 2012-இல் நான்காம் நிலைப் பாதுகாப்புடைய கூடம் திறக்கப்பெற்றது. 2018-இல் கோழிக்கோட்டில் நிபா தோன்றியபோது அதை உறுதிசெய்ய உதவியது புணே நிலையமே.

ஆனால் அன்றாட அபாயம் சிறு கூடங்களிலேயே மிகுதி. அங்கே பகைவன் அபூர்வ வைரஸ் அன்று, பயன்படுத்திய ஊசி. மருத்துவக் கழிவு பற்றிய 2016-ஆம் ஆண்டு விதிகள், ஊசியைத் துளைபடாத தனிப் பெட்டியில் இடவும், ஊழியருக்கு ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி போடவும் பணிக்கின்றன. அவ்வூசி குப்பையில் விழுந்தால், அதன் முனை தைப்பது கூட்டிப் பெருக்க வருபவரின் கையில்தான். அவருக்கும் அத்தடுப்பூசி கிடைத்ததா என்று கேட்பது ஒவ்வோர் ஆய்வுக்கூட அதிபரின் கடமையாகும்.