வாங்காத நிலம்: பிரெய்ரிக் கோழியும் உள்ளூர்த் தன்னார்வப் பாதுகாப்பும்

வேட்டைக்காரர்களும் ஊர் ஆர்வலர்களும் கைப்பணம் போட்டு நிலம் வாங்கி, ஒரு பறவைக்காகப் புல் வளர்த்த வரலாறு அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் எழுபது ஆண்டுக்கு நீள்கிறது. அதில் இரண்டு இடங்களை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஒன்று, விஸ்கான்சின் மாநிலத்தின் பியூனா விஸ்டா சதுப்புநிலம். மற்றது, இல்லினாய் மாநிலத்தின் ஜாஸ்பர் மாவட்டம். இரண்டிலும் பறவை ஒன்றே: பெரிய பிரெய்ரிக் கோழி. கௌதாரிக்கும் காடைக்கும் தூரத்து உறவான இது, ஒரு காலத்தில் அந்நாட்டின் மிகப் பரவலான வேட்டைப் பறவைகளுள் ஒன்று. தன்னார்வலர்களின் உழைப்பை அவர்கள் வாங்கிய ஏக்கர் கணக்கில் அளப்பதே வழக்கமாகிவிட்டது. அந்த அளவுகோல் போதாது என்பது என் வாதம். வாங்கிய துண்டுகளுக்கு நடுவே கிடந்த, யாரும் வாங்காத நிலமே பறவையின் கதியைப் பெரிதும் தீர்மானித்தது.

பறவையின் வாழ்க்கையிலிருந்தே தொடங்க வேண்டும். ஏப்ரல் மாத விடியலில் சேவல்கள் குட்டைப் புல் நிறைந்த திறந்த மேட்டில் கூடுகின்றன. கழுத்தின் இருபுறமும் உள்ள செம்மஞ்சள் காற்றுப்பைகளை ஊதிக்கொண்டு, கால்களைத் தரையில் படபடவென அடித்து, ஒரு மைலுக்கு அப்பாலும் கேட்கும்படி முழங்குகின்றன. பெட்டைகள் வந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கின்றன. மிகச் சில சேவல்களுக்கே இணை கிடைக்கிறது. இந்த ஆட்டக்களத்திலிருந்து ஓரிரு மைல் தொலைவுக்குள், முழங்கால் உயரம் அடர்ந்த புல்லுக்குள் பெட்டை கூடு கட்டுகிறது. குஞ்சு பொரித்ததும் பூச்சி மிகுந்த, நடந்துபோக இடைவெளியுள்ள வேறு வகைப் புல் தேவைப்படுகிறது. பனிக்காலத்துக்குத் தானியமும் ஒதுங்கிடமும் வேண்டும். மரங்கள் நெருங்கினால் பறவை விலகிவிடும். ஒரே பறவைக்கு ஒரே ஆண்டில் நான்கு வகை நிலம் தேவை. அவையெல்லாம் அது பறந்தும் நடந்தும் எட்டக்கூடிய தூரத்தில் இருந்தாக வேண்டும். எந்த ஊர்ச் சங்கத்தின் பணப்பைக்கும் இவ்வளவு பெரிய பரப்பு அடங்காது.

அதனால்தான் இப்பறவை கடைசிவரை எங்கே பிழைத்தது என்பது முக்கியம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இல்லினாய்ப் புல்வெளிக்கு ஏர் வந்தபோது கோழிகள் முதலில் பெருகின. புல்லும் தானியமும் கலந்த நிலம் அவற்றுக்கு ஒத்துப்போனது. பிறகு ரயில் பாதைகள் வழியே சந்தைக்குப் போன வேட்டையும், மேலும் மேலும் உழுத நிலமும் அவற்றைத் துடைத்தெடுத்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஜாஸ்பர் மாவட்டத்தில் அவை எஞ்சியிருந்ததற்குக் காரணம், அங்கே உழவர்கள் ரெட்டாப் என்னும் புல்லை விதைக்காகப் பயிரிட்டதே. பியூனா விஸ்டாவிலும் இதே கதை. அந்தச் சதுப்பை வடித்து விளைநிலமாக்கும் முயற்சி உறைபனியாலும் கரிமண் தீயாலும் தோற்றது. பிறகு கென்டகி புளூகிராஸ் விதைத் தொழிலும் மாட்டு மேய்ச்சலும் அந்நிலத்தைப் புல்லாக வைத்திருந்தன. இரண்டு புற்களுமே வெளியிலிருந்து வந்தவை. தொல்புல்வெளியின் சின்னமாகப் போற்றப்படும் பறவையை இந்த இரு இடங்களிலும் காத்தது தொல்புல்வெளி அன்று, உழவர்கள் லாபத்துக்காகப் பராமரித்த புல். புல்லால் உழவனுக்கு வருமானம் இருந்தவரை பறவைக்கும் இடம் இருந்தது. விதைச் சந்தை சரிந்தபோது இரண்டும் சேர்ந்தே ஆட்டங்கண்டன.

விஸ்கான்சினில் இதை முதலில் தெளிவாகப் பார்த்தவர்கள் ஃபிரெடரிக், ஃபிரான்சிஸ் ஹேமர்ஸ்ட்ராம் தம்பதி. ஆல்டோ லியோபோல்டின் மாணவர்கள். பிளெயின்ஃபீல்டு அருகே ஒரு பழைய பண்ணை வீட்டில் வாழ்ந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தக் கோழிக்கே கொடுத்தவர்கள். ஆஸ்வால்டு மேட்சனுடன் சேர்ந்து 1957இல் அவர்கள் வெளியிட்ட மேலாண்மைக் கையேடு, நான் வாசித்த பாதுகாப்புத் திட்டங்களிலேயே மிக நேர்மையானது. மொத்த நிலத்தையும் வாங்க முடியாது, வாங்கவும் தேவையில்லை என்பது அதன் அடிப்படை. கூடு கட்டவும் குஞ்சு வளர்க்கவும் உறுதியான புல் உள்ள சிறு சிறு துண்டுகளைப் பரப்பெங்கும் சிதறலாக வாங்கிவைத்தால் போதும். நடுவிலுள்ள மேய்ச்சலும் உலர்புல் வயலும் தானியமும் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். நிலவிலையும் அண்டை உழவர்களின் மனநிலையும் தெரிந்தவர்கள் போட்ட திட்டம் அது. ஊரையே விலைக்கு வாங்க வருகிறார்கள் என்ற அச்சத்தை அது எழுப்பவில்லை. நாற்பது ஏக்கர், எண்பது ஏக்கர் என்று துண்டு துண்டாக வாங்க ஊர்ச் சங்கங்களால் முடிந்தது.

வாங்கவும் செய்தார்கள். மேடிசன் நகரத்து வேட்டைக்காரர்களும் மீன்பிடிப்போரும் அடங்கிய டேன் கவுண்டி கன்சர்வேஷன் லீக் 1950களிலேயே நிலம் வாங்கத் தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில் மில்வாக்கியில் பறவையின் அறிவியல் பெயரையே தன் பெயராகச் சூட்டிக்கொண்டு எழுந்த டிம்பானுக்கஸ் குபிடோ பின்னாட்டஸ் சங்கம் ஆயிரக்கணக்கான ஏக்கரைச் சேர்த்து, பராமரிப்பை மாநில வனவிலங்குத் துறையிடம் ஒப்படைத்தது. இல்லினாயில் 1959இல் பிரெய்ரி சிக்கன் ஃபவுண்டேஷன் உருவானது. வேட்டைக்காரர்களின் பாதுகாப்புப் பணியெல்லாம் சுடுவதற்குப் பறவை கிடைக்கத்தான் என்று சொல்பவர்கள் இந்த வரலாற்றைக் கூர்ந்து பார்க்க வேண்டும். இல்லினாயில் இக்கோழியின் வேட்டை 1933இலும் விஸ்கான்சினில் 1955இலும் முடிந்துவிட்டது. பணம் கொடுத்த பெரும்பாலோர் தங்கள் வாழ்நாளில் இதைச் சுடப்போவதில்லை என்று தெரிந்தேதான் கொடுத்தார்கள். இந்தப் பற்றை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். அது வீணாகக் கூடாது என்பதால்தான் அடுத்து வருவதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிதறல் திட்டம் ஒரு மூன்றாவது ஆளை நம்பியிருந்தது. அவர் எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் அல்லர், எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை. துண்டுகளுக்கு நடுவே மாடு மேய்த்த, உலர்புல் அறுத்த உழவர்தான் அவர். அவருடைய தொழில் மாறினால் திட்டம் என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை தேவைப்படாத காலத்தில் அது எழுதப்பட்டது. விடை விரைவில் வந்தது. மத்திய விஸ்கான்சினின் மணற்பாங்கான நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறுகளும் சுழல் தெளிப்பான்களும் பரவின. ஒருகாலத்தில் மேய்ச்சலுக்கு மட்டுமே லாயக்கு என்று விட்ட மண்ணில் உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும் காய்கறியும் பொன்னாக விளைந்தன. பால்மாடு வளர்த்த சிறு பண்ணைகள் குறைந்தன. உலர்புல்லை முன்னதாகவும் அடிக்கடியும் அறுக்கும் வழக்கம் வந்து கூடுகளை அழித்தது. சங்கங்களின் துண்டுகள் அப்படியே இருந்தன. புல்லும் ஒழுங்காக எரியூட்டப்பட்டு, புதர் வெட்டப்பட்டு, நல்ல நிலையிலேயே இருந்தது. ஆனால் அவை தீவுகளாகிவிட்டன.

இல்லினாயில் நடந்ததை இன்னும் நுணுக்கமாக அறிய முடிகிறது. காரணம், அங்கே யாரோ இடைவிடாமல் எண்ணிக்கொண்டே இருந்தார்கள். இல்லினாய் இயற்கை வரலாற்று ஆய்வகத்தின் ரால்ஃப் யேட்டர் 1930களில் தொடங்கிய கணக்கெடுப்பை ரொனால்டு வெஸ்ட்மையர் தொடர்ந்தார். சரணாலயத் துண்டுகள் அமைந்த பிறகு பறவைகள் முதலில் கூடின. 1970களின் தொடக்கத்தில் நம்பிக்கை உச்சத்தில் இருந்தது. பிறகு இறங்கின. கூடு கட்ட நல்ல புல் இருந்தும் இறங்கின. வெஸ்ட்மையரும் உடனாய்வாளர்களும் 1998இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட 35 ஆண்டுத் தரவு, 1962இல் மாநிலத்தில் இரண்டாயிரமாக இருந்த எண்ணிக்கை 1994இல் ஐம்பதுக்கும் கீழே போனதைக் காட்டியது. கூடவே முட்டைகள் கருவுறும் அளவும் பொரிக்கும் அளவும் சரிந்தன. வெளியிலிருந்து புதிய பறவை ஒன்றுகூட வந்துசேர முடியாத கூட்டத்தில் உள்ளினக் கலப்பு சேதத்தைச் செய்துகொண்டிருந்தது. 1992 முதல் மின்னசோட்டா, கான்சஸ், நெப்ராஸ்கா மாநிலங்களிலிருந்து கோழிகளைப் பிடித்துவந்து விட்டபிறகு முட்டைகள் மீண்டும் பொரித்தன. புல் மாறவில்லை, முட்டை மாறியது. துண்டு நிலத்தின் தரத்தை எவ்வளவு உயர்த்தினாலும், அதற்கும் அடுத்த பறவைக் கூட்டத்துக்கும் நடுவிலுள்ள வெளி மூடிக்கிடந்தால் பயனில்லை என்பதற்கு இதைவிடத் திடமான சான்று நான் அறிந்தவரை இல்லை.

ஜாஸ்பர் மாவட்டத்தில் இன்னொரு தொல்லையும் இருந்தது. வேட்டைப் பறவைப் பாதுகாப்பு பற்றிப் பேசுவோர் அதை அடிக்கடி தாண்டிச் செல்கிறார்கள். அந்தத் தொல்லை, சீனாவிலிருந்து வந்த ஃபெசன்ட் கோழி. ஷாங்காயில் அமெரிக்கத் துணைத் தூதராக இருந்த ஓவன் டென்னி 1880களின் தொடக்கத்தில் ஓரிகனுக்கு அனுப்பிய பறவைகள் நிலைகொண்ட பின், அது நாடெங்கும் வேட்டைக்காரர்களின் செல்லமானது. புல் வளர்த்தால் அதுவும் வரும். வந்த ஃபெசன்ட் பெட்டைகள் பிரெய்ரிக் கோழியின் கூட்டில் முட்டையிட்டன. ஃபெசன்ட் முட்டை சுமார் 23 நாளில் பொரிக்கும், பிரெய்ரிக் கோழி முட்டைக்குச் சுமார் 25 நாள் வேண்டும். அந்நியக் குஞ்சுகள் முதலில் வெளிவந்ததும் தாய் அவற்றைக் கூட்டிக்கொண்டு கூட்டை விட்டுப் போய்விடும். தன் முட்டைகள் குளிர்ந்து கிடக்கும். எனவே வேட்டைப் பறவைகளுக்கான புல்நிலம் என்று பொதுவாகச் சொல்வது ஆபத்து. எந்தப் பறவைக்கு, எந்தப் பறவையைத் தள்ளிவைத்து என்ற கேள்விக்குச் சங்கம் முதலிலேயே விடை சொல்லியாக வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். சிதறல் திட்டமே பிழை, ஒரே பெரிய பரப்பாக வாங்கியிருக்க வேண்டும் என்பார்கள். இதே இனத்தின் கீழைக்கரைக் கிளையான ஹீத் கோழியின் முடிவு அதற்கு எச்சரிக்கை. மார்த்தாஸ் வின்யார்டு தீவில் 1908இல் அதற்கென ஒதுக்கிடம் அமைத்தார்கள். எண்ணிக்கை ஏறிச் சில ஆண்டுகளில் இரண்டாயிரத்தை நெருங்கியது. 1916இல் அடைகாக்கும் பருவத்தில் பரவிய தீ அதைச் சிதைத்தது. தொடர்ந்து கடுங்குளிரும் வல்லூறுகளும் நோயும் வந்தன. 1932க்குப் பிறகு யாரும் அதைக் காணவில்லை. ஒரே இடத்தில் குவிப்பதும் சிதறவிடுவதும் தம்மளவில் மருந்து ஆகா. ஹேமர்ஸ்ட்ராம்களின் சிதறலில் நான் குறை காணவில்லை. துண்டுகளை வாங்கிய சங்கங்கள், அதே அக்கறையுடன் நடுநிலத்தின் பொருளாதாரத்தைக் கவனிக்கவில்லை என்பதே என் குறை.

நடுநிலத்தைத் தொட்டது பெரும்பாலும் கூட்டரசுதான். 1985ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஏற்படுத்திய கன்சர்வேஷன் ரிசர்வ் திட்டம், உழவர் பத்து முதல் பதினைந்து ஆண்டு வரை உழாமல் புல்லாக விட்டால் வாடகை தந்தது. மின்னசோட்டாவின் பிரெய்ரிக் கோழிகளுக்கு அது பெரும் கொடை. 2007இல் இத்திட்டத்தில் மூன்று கோடி அறுபது லட்சத்துக்கும் அதிகமான ஏக்கர் இருந்தது. அதே ஆண்டில் எத்தனால் தேவையை உயர்த்திய எரிசக்திச் சட்டம் வந்தது. மக்காச்சோள விலை ஏறியது. ஒப்பந்தம் முடிந்த நிலங்கள் ஏருக்குத் திரும்பின. பத்தாண்டில் பரப்பு இரண்டரைக் கோடிக்கும் கீழே வந்துவிட்டது. எந்த ஊர்ச் சங்கமும் ஞாயிற்றுக்கிழமைகளில் புதர் வெட்டி இந்த இழப்பை ஈடுகட்டியிருக்க முடியாது. 1982இல் மின்னசோட்டாவில் தொடங்கிய ஃபெசன்ட்ஸ் ஃபாரெவர் இதைப் புரிந்துகொண்ட அமைப்பு. உள்ளூர்க் கிளை திரட்டும் பணத்தை எங்கே செலவிடுவது என்பதை அந்தக் கிளையே முடிவு செய்கிறது. கூடவே, உழவரின் சமையலறை மேசையில் உட்கார்ந்து அரசின் திட்டங்களை விளக்கும் உயிரியலாளர்களையும் அது அமர்த்துகிறது. அதன் பறவை எனக்கு உவப்பானதல்ல. அதன் வழி உவப்பானது.

தன்னார்வலர்கள் தந்தவற்றில் நிலத்துக்கு இணையான இன்னொன்று உண்டு. ஹேமர்ஸ்ட்ராம்களின் வீட்டுக்கு ஆண்டுதோறும் வசந்தத்தில் ஆட்கள் வந்தார்கள்: மாணவர், ஆசிரியர், கடைக்காரர், வேட்டைக்காரர். இருட்டில் எழுந்து, மறைவுக்கூண்டுக்குள் ஒடுங்கி, குளிரில் சேவல்களை எண்ணி எழுதினார்கள். பல ஆண்டுகளில் அப்படி வந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். பிற்காலத்தில் மரபியலாளர்கள் 1950களில் விஸ்கான்சினில் சேகரித்துவைத்த மாதிரிகளை அண்மைக்கால மாதிரிகளோடு ஒப்பிட்டு, மரபியல் வேறுபாடு குறைந்துவிட்டதை 2003இல் வெளியிட முடிந்தது. 2006 முதல் மின்னசோட்டாப் பெட்டைகளைக் கொண்டுவந்து விடும் முடிவுக்கு இத்தகைய அறிவு வழிவகுத்தது. எண்ணுவதற்கு ஆளில்லாத இடத்தில் சரிவு நடந்திருந்தால், முட்டை பொரிக்காததைக்கூட யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஆகவே சங்கங்களின் ஆண்டறிக்கையில் மூன்று கணக்குகள் வேண்டும் என்பேன். சொந்த நிலத்தின் புல் நிலை ஒன்று. ஆட்டக்களத்தைச் சுற்றி இரண்டு மைலுக்குள் பிறர் நிலத்தில் என்ன பயிர், எத்தனை மாடு, எப்போது புல்லறுப்பு என்பது இன்னொன்று. மிக அருகிலுள்ள அடுத்த பறவைக் கூட்டம் எவ்வளவு தொலைவு என்பது மூன்றாவது. இரண்டாம் கணக்கில்தான் பணம் அதிகம் வேலை செய்யும். பியூனா விஸ்டாவில் பொதுநிலத்தை மாட்டுக்காரருக்கு மேய்ச்சலுக்கு விடுவது ஏற்கெனவே நடக்கிறது. அது புல்லைப் பதமாக வைக்கிறது, மாடு வளர்ப்பவரை அந்தப் பகுதியில் நிறுத்தியும் வைக்கிறது. கன்சர்வேஷன் ரிசர்வ் திட்டத்திலும் மேய்ச்சலோடு புல்லைக் காக்க வாடகை தரும் பிரிவு 2014 முதல் உண்டு. ஆனால் அதில் சேர்ந்த நிலம் பெரும்பாலும் மேற்கத்திய வறண்ட சமவெளிகளில் இருக்கிறது. மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் நல்ல விலை தரும் ஜாஸ்பரிலும் பியூனா விஸ்டாவிலும் அந்த வாடகை உழவரை ஈர்க்கப் போதாது. குறைகிற தொகையை ஆட்டக்களங்களைச் சுற்றியுள்ள சில பண்ணைகளுக்கு மட்டும் உள்ளூர்ச் சங்கம் தன் நிதியிலிருந்து சேர்த்துக் கொடுத்து, ஜூலை பாதிவரை புல்லறுப்பதில்லை என்று எழுதி வாங்கலாம். ஒரு நாற்பது ஏக்கர் வாங்கும் பணத்தில் அதைவிடப் பல மடங்கு பரப்பை அடைகாக்கும் பருவம் முழுவதும் புல்லாக வைத்திருக்க முடியும்.