முதல் கூடை யார் தலையில்?

நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவர்களைக் கூட்டமாக மலையேற வைத்து, கயிறு இழுக்க வைத்து, வியர்க்க வைத்து, அதன் பிறகு அவர்கள் ஒற்றுமையாக வேலை செய்வார்கள் என்று எதிர்பார்ப்பது இக்காலத்துக் கம்பெனிகளின் வழக்கமாகிவிட்டது. கொடைக்கானலுக்கும் சிறுமலைக்கும் இப்படி வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. "சம்பளத்தை உயர்த்திப் பாரேன், ஒற்றுமை தானே வரும்!" என்பார்கள். நியாயமான பேச்சுத்தான். ஆனாலும் உடம்பு வருந்தச் சேர்ந்து உழைத்தவர்களுக்குள் ஒரு பந்தம் உண்டாகிறது என்பது பொய்யல்ல. எப்போது உண்டாகிறது, எப்போது உண்டாவதில்லை என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

இந்தப் பயிற்சிக்கு மேல்நாட்டார் சொல்லும் பிறப்புக் கதை யுத்தகாலத்தது. லாரன்ஸ் ஹோல்ட் என்பவர் லிவர்பூல் கப்பல் கம்பெனி முதலாளிகளில் ஒருவர். குண்டடிபட்டுக் கப்பல் மூழ்கினால், உயிர்காக்கும் படகில் வயதான மாலுமிகளைவிட வாலிபர்களே சீக்கிரம் மனம் தளர்ந்து மடிகிறார்கள் என்று அவர் கருதினார். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து வெளியேறி வந்த குர்ட் ஹான் என்ற கல்வியாளரோடு சேர்ந்து, 1941-ல் வேல்ஸ் நாட்டு அபர்டோவியில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். கடலும் மலையுமே அங்கே பாடப் புத்தகம்.

ஆனால் அதற்கு 37 வருஷம் முன்பே, ஓர் அச்சுக்கூடத்துச் சிப்பந்திகள் இந்தப் பரீட்சையில் தேறியிருந்தார்கள். 1904-ல் தென்னாப்பிரிக்காவில் ரயிலில் போகும்போது ரஸ்கினின் நூலொன்றைப் படித்த காந்தி, தம் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையை டர்பன் நகரிலிருந்து பீனிக்ஸ் என்ற பொட்டல் காட்டுக்கு மாற்றினார். கறுப்போ வெள்ளையோ, எல்லோருக்கும் மாதம் 3 பவுன். எல்லோரும் நிலத்தில் பாடுபட வேண்டும். அங்கே முதல் இதழ் அச்சாக வேண்டிய இரவில் எண்ணெய் இயந்திரம் மக்கர் செய்தது. கைச்சக்கரம் ஒன்று இருந்தது. அதைச் சுற்ற ஒரே சமயத்தில் நாலு பேர் வேண்டும். பகலெல்லாம் உழைத்த தச்சர்கள் அங்கேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை எழுப்பத் தயங்கினார், அச்சுக்கூடத்தை நிர்வகித்த ஆங்கிலேயர் வெஸ்ட். காந்தியே எழுப்பினார். ஆபத்துக்கு உதவாவிட்டால் நாங்கள் எதற்கு என்று எழுந்து வந்தார்கள் தச்சர்கள். முறைவைத்துச் சக்கரம் சுற்றினார்கள், காந்தியும் சுற்றினார், வெஸ்ட் பாட்டுப் பாடிக்கொண்டே சுற்றினார். காலை ஏழு மணிக்கு மறுபடி முடுக்கிப் பார்த்தபோது, அந்தப் பாழும் இயந்திரம் ஒன்றுமே நடக்காதது போல ஓடத் தொடங்கியது! பிற்பாடு ஒரு காலம், வேண்டுமென்றே இயந்திரத்தை விட்டுக் கையாலேயே வேலை செய்தார்களாம். பீனிக்ஸின் மிக உயர்ந்த நாட்கள் அவைதான் என்று காந்தி தம் சரிதையில் எழுதியிருக்கிறார்.

பீனிக்ஸில் போட்ட விதையின் ஒரு கன்று, திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவே, சின்னாளபட்டிக்குப் பக்கத்தில், சிறுமலையின் அடிவாரத்தில் முளைத்தது. 1947-ல் காந்திகிராமத்தைத் தொடங்கியவர்கள் டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும். சௌந்தரம் யார்? தென்னாட்டுச் சாலைகளில் பஸ் ஓட்டிப் பெரும் பொருள் சேர்த்த டி. வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். இளம் வயதில் விதவையாகி, பிறகு டாக்டருக்குப் படித்து, 1940-ல் மறுமணம் செய்துகொண்டவர். கார் வைத்துக்கொண்டு நகரத்தில் வைத்தியம் பார்த்திருக்கலாம். இந்த வறண்ட மண்ணுக்கு வந்தார். இங்கே நடந்தது ஆதாரக் கல்வி. உடலுழைப்பு, படிப்புக்கு இடையே வரும் பொழுதுபோக்கு அல்ல. அதுவே படிப்பின் பகுதி.

இதே எண்ணத்தைச் சர்க்கார் கையில் எடுத்தபோது என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். 1952 அக்டோபர் 2-ந் தேதி சமூக நலத் திட்டம் தொடங்கியது. சிரமதானம் தேசமெங்கும் திருவிழாவாயிற்று. உத்தியோகஸ்தர்கள் மண்வெட்டி பிடித்தார்கள். போட்டோ பிடிக்கும் வரையாவது பிடித்தார்கள். உத்தரப் பிரதேசக் கிராமங்களில் இதை ஆராய்ந்த எஸ். சி. துபே, 1958-ல் வெளியான தம் நூலில் கசப்பான விஷயத்தைச் சொன்னார். மேல்சாதிப் பெரியவர்கள் நின்று மேற்பார்வை பார்த்தார்கள். மண் சுமந்தவர்கள் ஏழைகள். போட்ட சாலையால் லாபம் வண்டியும் வயலும் உள்ளவனுக்கு. பழைய வெட்டி வேலை புதுப் பெயரில் வந்திருக்கிறது என்றுதான் ஏழைகளுக்குத் தோன்றியது.

வெட்டி வேலை நமக்கும் புதிதல்ல. ஊர் கூடிக் குளத்தைச் செப்பனிடும் குடிமராமத்தைப் பெருமையாகப் பேசுகிறோம். வெள்ளைக்காரன் அதற்கு 1858-ல் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே பெயர் வைத்தான்! தானாக வந்த கை வேறு, தலையாரி கூப்பிட்டு வந்த கை வேறு.

துபேயின் நூல் வந்த அதே 1958-ல், கொழும்பு நாலந்தா கல்லூரியின் ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன, சக ஆசிரியர்களையும் மாணவர்களையும் கனத்தொலுவ என்ற கிராமத்துக்கு அழைத்துப் போனார். அது ரொடியா சாதியாரின் ஊர். பிறர் அவர்களை நெருங்க விட்டதில்லை. போனவர்கள் அவர்களோடு தங்கி, அவர்களோடு மண் வெட்டினார்கள். இலங்கையின் சர்வோதய சிரமதான இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது.

திண்டுக்கல் சமவெளியில் தூர் வார வேண்டிய குளங்களுக்குப் பஞ்சமில்லை. வெளியூரிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து கயிறு இழுக்க வைக்கும் செலவில், நிறையவே மண்வெட்டியும் கூடையும் வாங்கலாம். முதல் கூடை மானேஜர் தலையில் ஏற வேண்டும். போட்டோக்காரர் போன பிறகும் அவர் அதை இறக்காமலிருக்க வேண்டும்.