பத்துக் குடும்பம் போதுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் பெங்களூரிலிருந்து பேசினான். நலம் விசாரித்துவிட்டுக் கேட்டான்: "ஏனுங்க டீச்சர், நம்ம ஊர்க் கோயிலை டவுன் சபையோட சேத்திடலாம்னு பேசறாங்களாமே? பத்துக் குடும்பம்தானுங்களே இருக்கு. ஆயர் மாசத்துக்கு ரெண்டு தடவைதான் வர்றாராம். கணக்குப் பாத்தா சேத்தறதுதானுங்க சரி."

"கணக்கு உனக்கு நான்தானே சொல்லிக் கொடுத்தேன், அதிலே தப்பு வராது கண்ணு" என்று சிரித்துவிட்டேன். ஆனால் போனை வைத்த பிறகு மனம் அதிலேயே நின்றது. அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் நானும் கை தூக்க வேண்டும். அதற்கு முன் ஒரு ஆயரின் வரலாற்றை உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். கோயிலுக்கும் சபைக்கும் சம்பந்தம் இல்லாத பிள்ளைகளும் படிக்கலாம். கேள்வி எல்லோருக்கும் பொதுவானதுதான்.

முதலில் நம் ஊர்ப் பின்னணி. கோயமுத்தூரில் 1830இல் லண்டன் மிஷன் வேலை தொடங்கியது. ஆடிஸ் என்பவர் வந்து தங்கினார். ஈரோட்டில் பிரப் ரோடு என்று தினமும் சொல்கிறோமே, அந்தப் பெயரும் லண்டன் மிஷனைச் சேர்ந்த ஏ. டபிள்யூ. பிரப் என்ற ஆஸ்திரேலியரின் பெயர்தான். இவர்கள் வழக்கப்படி ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே முடிவு செய்யும்.

சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் வேறு மரபு. அங்கே ஸ்காட்லாந்துக்காரர்கள் வந்தார்கள். சென்னைக் கிறித்துவக் கல்லூரி அவர்கள் தொடங்கியதுதான். அவர்களைப் பிரஸ்பிட்டேரியன் என்பார்கள். மூப்பர் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அந்தச் சபையில் பேராயர் கிடையாது. போதகரும் சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்களும் கூடி உட்கார்ந்து நிர்வாகம் செய்வார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் வேப்பமரத்தடியில் கூடிப் பேசி முடிவெடுப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு மரபும் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையாக ஒன்று சேர்ந்தன. பிறகு ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும் சேர்ந்து, 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 1950இல் கோயமுத்தூர் தனித் திருமண்டலமாகி, ஏ. ஜே. அப்பாசாமி முதல் பேராயரானார்.

நான் சொல்ல வந்த ஆயர் லெஸ்லி நியூபிகின். 1909இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1936இல் எடின்பரோவில் பிரஸ்பிட்டேரியன் போதகராக அபிஷேகம் பெற்று அதே ஆண்டு தமிழ்நாட்டுக்கு வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே பஸ் விபத்தில் கால் மோசமாக முறிந்து ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. குணமாகி 1939இல் மறுபடியும் வந்து காஞ்சிபுரத்தில் பணி செய்தார். நன்றாகத் தமிழ் கற்றார். அங்குள்ள இராமகிருஷ்ண மடத்துக்கு வாரம்தோறும் போய், துறவிகளோடு தரையில் அமர்ந்து, ஒரு வாரம் உபநிடதமும் ஒரு வாரம் யோவான் சுவிசேஷமுமாகப் படித்தார். 1947இல் மதுரை இராமநாதபுரம் திருமண்டலத்துக்குப் பேராயர் ஆனபோது அவருக்கு வயது 37. பேராயரே இல்லாத மரபில் வந்தவர் பேராயரானார். பின்னாளில் சென்னையிலும் பேராயராக இருந்து 1974இல் ஓய்வு பெற்றார்.

ஓய்வு பெற்றவர் எப்படி ஊர் திரும்பினார் தெரியுமா? இரண்டு பெட்டி, ஒரு முதுகுப் பை. மனைவி ஹெலனோடு பஸ் மாறி மாறி, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி வழியாகத் தரை மார்க்கமாகப் போனார். வழியில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்காவது சிலரோடு சேர்ந்து ஆராதனை செய்ய முடிந்தது. துருக்கியின் கப்பதோக்கியாவில் மட்டும் ஒருவரும் இல்லை. ஒரு காலத்தில் பெரிய பெரிய சபைத் தலைவர்களைத் தந்த பூமி அது. அங்கே கணவனும் மனைவியுமாக இரண்டே பேர் ஆராதனை செய்தார்கள்.

பிறகு பர்மிங்காம் நகரில் ஆசிரியர் வேலை. அங்கே வின்சன் கிரீன் என்ற ஏழைப் பகுதி. பெரிய சிறைச்சாலைக்கு எதிரே ஒரு பழைய சிறு சபை. விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். அது ஐக்கிய சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தது. நம் நாட்டில் 1908இல் சேர்ந்த அதே இரண்டு மரபும் இங்கிலாந்தில் 1972இல்தான் சேர்ந்து அந்தச் சபை உருவானது. நாம் 64 ஆண்டு முந்தி!

அந்தச் சிறு சபையை மூடிவிடலாம் என்று பேச்சு வந்தது. நியூபிகின் எதிர்த்தார். ஏழைகள் இருக்கிற இடத்தை விட்டுவிட்டு வசதியானவர்கள் இருக்கிற இடத்துக்குச் சபை நகர்ந்துவிட்டால், மிஷன் என்று சொல்லிக்கொள்ள நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்பது அவர் வாதம். வாதத்தோடு நிற்கவில்லை. பேராயராக இருந்தவர், எழுபது வயதில், 1980இல் அந்தச் சபைக்குத் தானே போதகரானார். 1988 வரை இருந்தார். வேலை என்ன? வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவது. பஞ்சாபிகளும் மேற்கிந்தியத் தீவுக்காரர்களும் குடியேறிய பகுதி அது. இந்தியக் குடும்பங்கள் உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்து உட்கார வைத்தன. சொந்த ஊர்க்காரர்கள் வீட்டில்தான் பல கதவுகள் சாத்தப்பட்டன. இந்தியாவில் செய்த எந்த வேலையையும் விட இது கடினம் என்று அவர் சொன்னார். ஆனாலும் மறுநாளும் போனார்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அப்புச்சி ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் கிராமச் சபைக்கெல்லாம் தனி ஆயர் கிடையாது. ஓர் ஆயருக்குப் பல ஊர்கள். இடைப்பட்ட ஞாயிறுகளில் மிஷன் பள்ளி வாத்தியார்தான் உபதேசியார். அப்புச்சி அப்படிப்பட்டவர். வாரம் முழுக்க அ, ஆ, ஞாயிறு ஜெபம், யாருக்காவது காய்ச்சல் என்றால் ராத்திரியில் லாந்தருடன் நடை. 1947இல் சபைகள் சேர்ந்ததைப் பற்றி அம்மா கேட்டாராம். "பேர் மாறிப்போச்சு ஆயா. மணி அடிக்கிறது நான்தானே" என்றாராம்.

இப்போது என் கதை. இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. நான் வேலை பார்த்த ஒரு தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் ஒன்பதாகக் குறைந்தார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்க்கலாம் என்று தாள் வந்தது. இரண்டரை கிலோமீட்டர்தான், பெரிய பள்ளி, நல்ல கட்டடம். கணக்குப்படி சரி. ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டேன். எட்டுப் பிள்ளைகள் அங்கே போனார்கள். ஒரு பெண் குழந்தை போகவில்லை. தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே நின்றுவிட்டது. நான் இரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பேசினேன். மூன்றாவது முறை போகவில்லை. அந்த மூன்றாவது முறைதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

எல்லாச் சிறு சபையையும், எல்லாச் சிறு பள்ளியையும் மூடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சில இடங்களில் சேர்ப்பதுதான் நல்லது. ஆனால் டவுனுக்குப் போக முடியாத பாட்டி யார், பஸ் காசு இல்லாத குடும்பம் எது என்று பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் உட்கார்ந்து அந்த முடிவை எடுக்க வேண்டும். மூப்பர்கள் என்று பெயர் வைத்ததே அதற்குத்தான். தலைகளை எண்ணினால் மட்டும் போதாது.

அடுத்த மாதக் கூட்டத்தில் வேண்டாம் என்றுதான் கை தூக்கப் போகிறேன். கை தூக்கினால் மட்டும் ஆகாது என்பதால், ஆயர் வராத ஞாயிறுகளில் நான் போய் ஜெபம் நடத்துகிறேன், பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறேன் என்றும் சொல்லப் போகிறேன். முட்டி வலி இருக்கிறது. காலை டவுன் பஸ்ஸும் இருக்கிறது. ஓட்டெடுப்பில் தோற்றாலும் தோற்கலாம். பார்ப்போம்.

பெங்களூர்க்காரரே, கிறிஸ்துமசுக்கு ஊருக்கு வரும்போது டவுனிலேயே நின்றுவிடாமல் நம்ம கோயிலுக்கு ஒரு எட்டு வாருங்கள். பதினொன்றாவது குடும்பமாக உங்களை எண்ணிக்கொள்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்