தேனீக்களின் குடல் ஒட்டுண்ணிகள்

தேனீயின் நடுக்குடலில் தங்கிச் செரிமானத்தைக் கெடுக்கும் நுண்ணுயிர்களுள் தலையாயது நொசிமா. நோயுற்ற தேனீயின் கழிவோடு வெளியேறும் வித்துகள் அடையிலும் தண்ணீரிலும் படிகின்றன. அடையைத் துப்புரவு செய்யும் இளம் வேலைக்காரத் தேனீ அவற்றை விழுங்குகிறது. குடலை அடைந்ததும் வித்து, தன்னுள் சுருண்டு கிடக்கும் இழையைப் பாய்ச்சி, அதன் வழியே குடற்சுவரின் உயிரணுவுக்குள் நுழைகிறது.

நொசிமா என்ற பேரினத்தின் வரலாறு பட்டுப்புழுவிலிருந்து தொடங்குகிறது. பெப்ரீன் நோய்க்குக் காரணமான நுண்ணுயிருக்கு 1857இல் நேகலி என்ற சுவிஸ் தாவரவியலார் நொசிமா பாம்பிசிஸ் எனப் பெயரிட்டார். 1865இல் தென் பிரான்சுக்குப் போன லூயி பாஸ்டர், முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை நுண்ணோக்கியில் சோதித்து, நோயில்லாத முட்டைகளை மட்டும் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டார். பட்டு முட்டை நிலையங்களில் இன்றும் நடப்பது அந்தச் சோதனைதான். தேனீயைத் தாக்கும் நொசிமா ஏபிஸ் இனத்தை 1909இல் ஜெர்மனியின் சாண்டர் விவரித்தார். நெடுங்காலம் ஓரணு விலங்குகளோடு சேர்த்தெண்ணப்பட்ட நொசிமாக் கூட்டம், மரபணு ஆய்வுகளுக்குப் பின் பூஞ்சைகளின் உறவாகக் கொள்ளப்படுகிறது. 1996இல் சீனாவில், நம் அடுக்குத் தேனீயின் இனத்திலிருந்தே நொசிமா செரானே கண்டறியப்பட்டது. அது மேலைத் தேனீக்குத் தாவியிருப்பது பத்தாண்டுக்குள் ஸ்பெயினிலும் தைவானிலும் தெரியவந்தது. 2020இல் தேனீயைத் தாக்கும் இவ்விரண்டு இனங்களையும் வைரிமார்ஃபா என்ற பேரினத்துக்கு மாற்றினர். பழகிய பெயரே இங்கு ஆளப்படுகிறது.

பரவலைத் தீர்மானிப்பது தட்பவெப்பம். நொசிமா ஏபிஸ் குளிர்நாட்டு உயிரி. பனிக்காலம் முழுதும் கூட்டுக்குள் அடைபட்ட தேனீக்களிடையே பெருகி, வசந்தத்தில் உச்சமடைந்து, கோடையில் தணியும். செரானேயின் வித்து வெப்பத்தைத் தாங்கும், உறைகுளிரில் மடியும். ஆகவே வெப்பநாடுகளில் அதன் கையே ஓங்கியிருக்கிறது. தாய்லாந்தில் மலைத்தேனீ, கொம்புத்தேனீ ஆகியவற்றிலும் அது காணப்பட்டுள்ளது.

இதை நம் பகுதிக்குப் பொருத்திப் பார்ப்போம். நெய்வேலி நகரியமும் பண்ருட்டி, விருத்தாசலம் முந்திரித் தோப்புகளும் அடங்கிய கடலூர் மாவட்டத்தில் உறைபனி கிடையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையில்தான் தேனீ நாள்கணக்கில் பெட்டிக்குள் அடைபடுகிறது; பூவும் குறைவு. முந்திரி பூப்பதோ தை பிறந்த பிறகு. எனவே ஐரோப்பிய நூல்கள் வசந்தத்துக்குச் சொல்லும் எச்சரிக்கையை இங்கே அடைமழைக்கும் முந்திரிப் பூவுக்கும் இடைப்பட்ட வாரங்களுக்கு வைத்துக்கொள்வதே பொருத்தம். அப்போது பெட்டி வாசலில் வயதான தேனீக்கள் சிலவற்றைப் பிடித்துச் சோதிக்கலாம். வயிற்றின் நுனியை இடுக்கியால் பற்றி மெல்ல இழுத்தால் குடல் முழுதாக வெளிவரும். நலமான நடுக்குடல் பழுப்பு மஞ்சளாக, வளைய வரிகளோடு இருக்கும். நோய் முற்றியது வரி மறைந்து, பருத்து, பால்போல் வெளுத்திருக்கும். அதை நசுக்கி 400 மடங்கு பெருக்கிப் பார்த்தால் அரிசிமணி வடிவில் வித்துகள் மின்னும். ஏபிஸ் வித்தின் நீளம் சுமார் 6 மைக்ரான், செரானே 5க்கும் குறைவு. கண்ணளவில் பிரித்தறிவது கடினம்.

நொசிமாவைத் தவிர வேறு ஒட்டுண்ணிகளும் உண்டு. மால்பிகமீபா என்பது தேனீயின் கழிவுக் குழாய்களைத் தாக்குவது. 2015இல் பெயரிடப்பட்ட லோட்மேரியா பாசிம் பின்குடலில் வாழ்வது.

தென்னிந்தியாவில் 1991–92இல், தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய் சாக்புரூட் வைரஸ் அடுக்குத் தேனீப் பெட்டிகளைச் சூறையாடியதிலிருந்து வளர்ப்போர் கவனம் புழுநோய் மீதே நிற்கிறது. நொசிமாவுக்கெனப் பயன்பட்ட ஃபூமாஜிலின் மருந்து ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் புழக்கத்தில் இல்லை. பழைய அடையை மாற்றுவதும் பெட்டியருகே சுத்தமான தண்ணீர் வைப்பதுமே கைவசமுள்ள காப்பு.