மதிலுக்கு வெளியே மட்டாஞ்சேரி

ஸ்வீடனில் வேலை பார்க்கும் அக்கா மகன் போன கோடையில் கோட்லாண்ட் தீவுக்குப் போய்விட்டு வந்து ஒரு கத்தை போட்டோ அனுப்பியிருந்தான். விஸ்பி என்று ஒரு ஊர். அதைச் சுற்றி ஏறக்குறைய 3.4 கிலோமீட்டருக்கு 13-ம் நூற்றாண்டுக் கல்மதில், நடுநடுவே கோபுரங்கள். ஜெர்மன் வியாபாரிகள் பால்டிக் கடல் வாணிபத்தில் கொழித்த இடம். 1995-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தான்: "மாமா, நீங்க இருக்கறதும் கோட்டை ஊருதானே, உங்க மதில் போட்டோ அனுப்புங்க."

நியாயமான கேள்வி. நான் மட்டாஞ்சேரி கிளைக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. பக்கத்து ஊருக்குப் பெயரே ஃபோர்ட் கொச்சி. பஸ் போர்டில் கோட்டை இருக்கிறது, கடைப் பெயர்களில் கோட்டை இருக்கிறது. நேரில் போனால் சீன வலைகளைத் தாண்டிக் கடற்கரையோரம் கொஞ்சம் கல் கிடக்கும், அவ்வளவுதான். அந்த மதில் எங்கே போனது, அது இருந்தபோதுதான் யாரைக் காப்பாற்றியது என்று கொஞ்ச நாளாகத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கதை 1503-ல் ஆரம்பிக்கிறது. கோழிக்கோடு சாமூதிரி, போர்த்துகீசியரை ஒப்படைக்கச் சொல்லிக் கொச்சி ராஜா மேல் படையெடுத்தார். ராஜா ஒப்படைக்கவில்லை. தோற்று, எதிரே இருக்கும் வைப்பின் தீவில் போய் ஒளிந்தார். அந்த வருஷக் கப்பல்களில் அல்புகர்க் கூட்டம் வந்து சேர்ந்து அவரை மறுபடி சிம்மாசனத்தில் உட்கார வைத்தது. பதிலுக்கு அவர்கள் கேட்டது கோட்டை கட்ட ஓர் இடம். (எங்கள் பாஷையில் சொன்னால், ஓவர்டிராஃப்டுக்கு ஈடாக வீட்டுச் சாவியையே கொடுத்த பார்ட்டி.) இந்தியாவில் ஐரோப்பியர் கட்டின முதல் கோட்டை இதுதான். கல் கோட்டை என்று நினைத்துவிடாதீர்கள். தென்னை மரங்களை இரண்டு வரிசையாக நட்டு, நடுவில் மண் கொட்டி இறுக்கியதுதான் முதல் மதில். கல்லெல்லாம் பிறகு வந்தது. போர்ச்சுகல் ராஜா பெயரை வைத்து இம்மானுவல் கோட்டை என்றார்கள். வாஸ்கோ ட காமா 1524 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் செத்தது இந்த ஊரில்தான். புதைத்தது மதிலுக்கு உள்ளே இருந்த பிரான்சிஸ் சர்ச்சில். எலும்புகளை அப்புறம் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

ஆக ஒரே பெயரில் இரண்டு ஊர். மதிலுக்கு உள்ளே வெள்ளைக்காரன் ஊர், அது கீழ்க் கொச்சி. மூன்று கிலோமீட்டர் கூட வராத தூரத்தில் ராஜாவின் மட்டாஞ்சேரி, அது மேல் கொச்சி. போர்த்துகீசியர் வைத்த பெயர்களே இவை. அங்கே துரத்தப்பட்டவர்கள் எல்லாம் இங்கே வந்தார்கள். கோவாவிலிருந்து கொங்கணிகள் சாமியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொடுங்கல்லூரில் இருக்க முடியாமல் யூதர்கள் வந்தார்கள். ராஜா தன் அரண்மனையை ஒட்டியே அவர்களுக்கு இடம் கொடுத்தார், 1568-ல் ஜெப ஆலயம் எழும்பியது. அரண்மனைக்குள் இருக்கும் பழயன்னூர் பகவதி கோயிலுக்கும் இதற்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். இந்த ஊரில் எனக்கு ரொம்பப் பிடித்த சுவர் அதுதான்.

இங்கே விஸ்பியில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும், போட்டோவில் அது தெரியாது. 1361 ஜூலையில் டென்மார்க் ராஜா வால்டமார் அந்தத் தீவில் படையோடு இறங்கினார். எதிர்த்து நின்றவர்கள் தீவின் குடியானவர்கள். கடைசிச் சண்டை நகர மதிலுக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில் நடந்தது. நகரத்துக்காரர்கள் கதவைத் திறக்கவில்லை. சுமார் 1,800 பேர் வெளியே வெட்டுப்பட்டுச் செத்தார்கள். அதற்கப்புறம் உள்ளே இருந்தவர்கள் சரணடைந்து, தங்கள் வியாபார உரிமைகளை உறுதிப்படுத்தி வாங்கிக்கொண்டார்கள். செத்தவர்களை வெயிலில் அவசர அவசரமாகப் பெரிய குழிகளில் மொத்தமாகப் போட்டதில் பலருக்கு இரும்புச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. 20-ம் நூற்றாண்டு ஆரம்பத்தில் தோண்டியபோது சட்டையோடு எலும்புகள் வந்தன. இதைப் படித்துவிட்டு அந்த அழகான மதில் போட்டோவை மறுபடி பார்க்கக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

கொச்சியில் இதே கணக்கு 1662-ல் வந்தது. டச்சுக்காரர்கள் கோட்டையை முற்றுகையிட்டார்கள். மட்டாஞ்சேரி யூதர்கள் டச்சுக்காரர் பக்கம் நின்று உதவினார்கள். ஆனால் அந்தத் தடவை கோட்டை விழவில்லை. டச்சுப்படை முற்றுகையை விட்டுவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டது. போகிறவன் போய்விட்டான், இருக்கிறவன் என்ன செய்வான்? மதிலுக்குள்ளிருந்து போர்த்துகீசியர் வெளியே வந்து யூதத் தெருவைக் கொள்ளையடித்து ஜெப ஆலயத்துக்குத் தீ வைத்தார்கள். அந்தச் சமூகத்தின் பழைய ஏடுகளும் அதில் போயின. இந்த ஊர் யூதர்களின் ஆரம்ப காலம் பற்றி இவ்வளவு குறைவாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். டச்சுக்காரர் திரும்பி வந்து 1663 ஜனவரியில் கோட்டையைப் பிடித்தார்கள். 1664-ல் ஆலயம் செப்பனிடப்பட்டது.

டச்சுக்காரன் பக்கா கம்பெனி ஆள். இவ்வளவு நீள மதிலைக் காக்க ஆள்செலவு அதிகம் என்று கோட்டையை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கிவிட்டான். வெளியே விடுபட்ட கட்டடங்களை இடித்துத் தள்ளினான். சர்ச்சுகளில் பிரான்சிஸ் சர்ச்சை வைத்துக்கொண்டு, சாந்தா குரூஸ் பேராலயத்தை ஆயுதக் கிடங்காக்கினான். ஆனால் அவனுடைய மிளகு வியாபாரம் மதிலுக்கு உள்ளே இருந்து நடக்கவில்லை. சுமார் அரை நூற்றாண்டு கம்பெனிக்கு எல்லாமாக இருந்த எசக்கியேல் ரகபி மட்டாஞ்சேரி யூதத் தெருக்காரர். கப்பல் வைத்திருந்தார், ராஜாக்களிடம் கம்பெனிக்காகப் பேரம் பேசினார். ஆலயத்து மணிக்கூண்டும், தரையில் பதித்த நீல நிறச் சீன ஓடுகளும் அவர் காலத்தவை. ஸ்டாக் இன்ஸ்பெக்‌ஷனுக்காக பஜார் ரோட்டுக் கோடவுன்களுக்கு நான் போகும்போது மூக்கில் ஏறும் சுக்கு, மிளகு வாசனை அந்த வியாபாரத்தின் மிச்சம்தான்.

1795 அக்டோபரில் ஆங்கிலேயர் வந்தார்கள். 1806-ல் மதிலையும் உள்ளே இருந்த நல்ல நல்ல கட்டடங்களையும் வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஐரோப்பாவில் சமாதானம் ஆனால் ஊரை டச்சுக்காரனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும், கொடுத்தாலும் கோட்டையாகக் கொடுக்கக் கூடாது என்ற எண்ணம். 300 வருஷ மதிலுக்கு எதிரி வந்து முடிவு கட்டவில்லை, கையில் வைத்திருந்தவனே கட்டினான். கடைசியில் 1814 ஒப்பந்தப்படி கொச்சி ஆங்கிலேயரிடமே தங்கியது என்பது தனி வேடிக்கை.

அன்று மதிலுக்கு வெளியே இருந்த தெருக்கள் இன்றும் இருக்கின்றன. ஆட்கள் எல்லோரும் இல்லை. 1948-க்குப் பிறகு யூதர்கள் குடும்பம் குடும்பமாக இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள், அவர்கள் வீடுகளில் இன்று பழம்பொருள் கடைகள். கொங்கணிகள் இருக்கிறார்கள், குஜராத்திகள் இருக்கிறார்கள். அப்புறம் நம்மாட்களும் இருக்கிறார்கள்! ஃபோர்ட் கொச்சி வெளி மைதானத்துப் பக்கம் தோபிகானா ஒன்று உண்டு. இப்போதிருக்கும் கட்டடம் 1976-ல் கட்டினது. அங்கே துவைப்பவர்கள் தமிழ் வண்ணார் குடும்பத்தார். கோட்டைக்குள் இருந்த டச்சுச் சிப்பாய்களின் உடுப்பை வெளுக்கத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து கூட்டி வந்த முன்னோர்களின் வழி நாங்கள் என்று சொல்கிறார்கள். சிப்பாய் போய்விட்டான், மதில் போய்விட்டது. இப்போது ஓட்டல் விரிப்புகளும் ஆஸ்பத்திரித் துணிகளும் வெளுக்கிறார்கள். முறுக்கிக் கட்டின கயிற்றின் இடுக்கில் துணியைச் செருகிக் காயப்போடுகிறார்கள், கிளிப்பே கிடையாது.

போன ஞாயிறு அங்கே நின்றபோது ஒரு பெரியவர் மலையாளம் கலந்த தமிழில், "எந்த ஊரு சாரே?" என்றார். திண்டுக்கல் என்றேன். அவருக்கு எந்த ஊர் என்று கேட்டேன். கையிலிருந்த வேட்டியை ஒரு தடவை உதறிவிட்டு, "இதான்" என்றார்.