வெளியேறும் வாசல்: ஆன்மீக, சுயமுன்னேற்றக் குழுக்களின் பிடியை அறிதலும் மீளுதலும்

கடந்த ஆண்டு ஒரு கல்லூரி மாணவி என் அலுவலகத்திற்கு வந்தார். விடுமுறையில் பத்து நாள் தியானப் பயிற்சி ஒன்றுக்குச் சென்றவர். அந்தப் பத்து நாள் ஏழு மாதச் 'சேவை'யாக நீண்டிருந்தது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுதல், பகல் முழுவதும் சமையற்கூட வேலை, வாரம் ஒருமுறை மட்டும் வீட்டுக்குத் தொலைபேசி. நுழையும்போது 'பத்திரமாக வைக்கிறோம்' என்று வாங்கப்பட்ட மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றிதழும் வெளியேறிய பின்னும் அவர் கைக்கு வரவில்லை. அவற்றை மீட்டுத்தர முடியுமா என்பதே அவரது கேள்வி. எந்தெந்தப் பிரிவுகள் பொருந்தும் என நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது அவர் இடைமறித்தார்: "ஆனா அக்கா, அங்கதான் எந்த ஊரு, எந்தத் தெருன்னு யாரும் கேட்கல. எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்துதான் சாப்பிட்டோம்."

இந்த வாக்கியத்திற்கு விடை சொல்லாமல் இப்பொருளைப் பேசுவதில் பயனில்லை. இத்தகைய குழுக்களில் சிக்குவோரை அறியாதவர், பேராசைக்காரர், மூடநம்பிக்கையாளர் என்று நம் பகுத்தறிவு மேடைகள் எளிதாக முடித்துவிடுகின்றன. ஊரும் கல்லூரி விடுதியும் மறுத்த மரியாதையை ஒரு குழு முதல் நாளே தருமானால், அதை நோக்கிச் செல்வது அறியாமை ஆகாது. அந்த மரியாதைக்குப் பின்னர் என்ன விலை கேட்கப்படுகிறது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

அமெரிக்காவின் 'மக்கள் ஆலயம்' இதற்கு மிகக் கொடிய சான்று. 1950களில் இண்டியானாபொலிஸ் நகரில் ஜிம் ஜோன்ஸ் என்ற வெள்ளையின மதபோதகர் அதைத் தொடங்கினார். கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் தனித்தனி தேவாலயங்களுக்குச் சென்ற காலத்தில் அவரது சபையில் இருவரும் ஒரே வரிசையில் அமர்ந்தனர். முதியோருக்கு உணவும் இருப்பிடமும் கிடைத்தன. நகர மனித உரிமை ஆணையத்தின் இயக்குநராகவும் அவர் பணியாற்றினார். பின்னர் கலிபோர்னியாவுக்கும், 1977இல் பெருந்திரளாகத் தென்னமெரிக்காவின் கயானா காட்டுக்கும் சபை இடம்பெயர்ந்தது. உறுப்பினர்களின் வீடுகளும் ஓய்வூதியக் காசோலைகளும் சபைக்குச் சென்றன, கடவுச்சீட்டுகள் பறிக்கப்பட்டன, கடிதங்கள் தணிக்கை செய்யப்பட்டன. 1978 நவம்பர் 18 அன்று, நிலைமையை அறிய வந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரயன், வெளியேற விரும்பிய சிலருடன் விமானத்தளத்தில் நின்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அதே நாளில் 900க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் சயனைடு கலந்த பானத்தால் இறந்தனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் சிறுவர்கள். இறந்தோரில் பெரும்பான்மையினர் கறுப்பின மக்கள். தலைமைக் குழுவிலோ பெரும்பாலோர் வெள்ளையர். சமத்துவத்தைத் தேடிச் சென்றவர்கள் அவர்கள் என்பதை மறந்து 'கூட்டத் தற்கொலை' என்று மட்டும் நினைவுகூர்வது இறந்தோருக்குச் செய்யும் இரண்டாம் அநீதி.

நம் நாட்டிலும் இதே இழை தெரிகிறது. அரியானாவின் சிர்சாவில் உள்ள தேரா சச்சா சௌதாவுக்குப் பஞ்சாப், அரியானா தலித் மக்களிடையே பெரும் பின்பற்றுதல் உண்டு. அங்கு பக்தர்கள் சாதியைக் காட்டும் குடும்பப் பெயரை விடுத்து 'இன்சான்', அதாவது மனிதர், என்று சூடிக்கொள்கின்றனர். சாதிப் பெயரால் இழிவுபட்ட ஒருவருக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிது என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே தேராவின் துறவிப் பெண் ஒருவர் 2002இல் பெயரிடாமல் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அதை வெளியிட்ட உள்ளூர் இதழாளர் ராம் சந்தர் சத்ரபதி அவ்வாண்டே சுடப்பட்டு உயிரிழந்தார். தேராவின் தலைவர் குர்மீத் ராம் ரஹீம் இரு பெண்களை வல்லுறவு செய்த குற்றவாளி என 2017 ஆகஸ்ட் 25 அன்று தீர்ப்பு வர 15 ஆண்டுகள் ஆயின. அன்று மூண்ட வன்முறையில் 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 20 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்ற அவர் அதன் பின் பலமுறை பரோலில் வெளிவந்துள்ளார்.

தமிழ்நாட்டில் பிரேமானந்தா வழக்கை மாணவத் தோழர்கள் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. 1983 இனக்கலவரத்தை ஒட்டி இலங்கையிலிருந்து வந்து திருச்சிக்கு அருகே ஆசிரமம் அமைத்தவர். அங்கே வளர்ந்தோரில் பெற்றோரை இழந்த ஈழச் சிறுமிகளும் இருந்தனர். 1994இல் உண்மை வெளிவந்தது. மரபணுச் சோதனை முக்கியச் சான்றாயிற்று. சிறுமிகளை வல்லுறவு செய்தமைக்கும் கொலைக்கும் 1997இல் புதுக்கோட்டை நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2005இல் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. போவதற்கு வேறு வீடற்றவர்களே அங்கும் இரையாயினர்.

எதைக் கொண்டு அறிவது?

அமெரிக்க உளவியல் மருத்துவர் ராபர்ட் லிஃப்டன், சீனாவில் 'சிந்தனைச் சீர்திருத்தத்திற்கு' உட்படுத்தப்பட்டோரை நேர்கண்டு 1961இல் எழுதிய நூலில் எட்டு அடையாளங்களை வகுத்தார். எட்டையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. என் கட்சிக்காரர்களின் கதைகளில் திரும்பத் திரும்ப வருபவை சிலவே.

முதலாவது, தகவலின் மீதான கட்டுப்பாடு. கைபேசியை வாங்கி வைப்பது, உறக்கத்தைக் குறைப்பது, தனியாக இருக்க நேரமே தராமல் இருப்பது. இரண்டாவது, வாக்குமூலம். 'மனச்சுமையை இறக்குங்கள்' என்ற பெயரில் காதல், குடும்பச் சண்டை, பாலியல் அனுபவம் எல்லாம் எழுதியோ குழுவின்முன் பேசியோ பெறப்படும். பேசியவருக்கு முதலில் அது உண்மையிலேயே ஆறுதலாக இருக்கும். பின்னர் அதுவே கடிவாளமாகும். மூன்றாவது, தனிச்சொற்கள். கேள்வி கேட்டால் 'அகங்காரம்', களைப்பு என்றால் 'எதிர்ப்பு', வீட்டு நினைவு என்றால் 'பற்று'. எல்லா ஐயத்திற்கும் முன்கூட்டியே ஒரு பெயர் வைக்கப்பட்டிருப்பதால் ஐயம் வாக்கியமாகவே உருப்பெறாது.

விடுதி அரங்குகளில் கோட்டு அணிந்தோர் நடத்தும் 'வெற்றி மனப்பான்மை' வகுப்புகளும் இவ்வாறே இயங்குகின்றன. நுழைவு வகுப்பு இலவசம். அடுத்த படிக்குச் சில ஆயிரம். அதற்கடுத்த படிக்கு நண்பர்களைச் சேர்த்துவிட வேண்டும். வறுமைக்குக் காரணம் உன் எதிர்மறை எண்ணமே என்பது இவர்களின் வேதம். பிறப்பின் வினை என்று சொல்லப்பட்டதே இங்கு எண்ணத்தின் வினையாக மறுபதிப்புப் பெற்றிருக்கிறது. சாதியும் நிலமின்மையும் இரண்டிலும் காணாமற்போகின்றன. ஆள்சேர்ப்பையே வருமானமாகக் காட்டும் திட்டங்களை 1978ஆம் ஆண்டின் பரிசுச்சீட்டு, பணச்சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டமும், 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகளும் தடைசெய்கின்றன என்பதை விடுதி அறிவிப்புப் பலகைகளில் எழுதி வைக்கலாம்.

இவை எல்லாவற்றிலும் எனக்கு உறுதியான அளவுகோல் ஒன்றே: வெளியேற விரும்புகிறேன் என்று ஒருவர் சொன்னால் என்ன நடக்கிறது? போய்வா என்று சான்றிதழைத் திருப்பித் தருகிறார்களா, சாபம், அவதூறு, நட்பு முறிப்பு, ரகசியத்தை வெளியிடும் மிரட்டல் எனத் தொடங்குகிறார்களா? கொள்கை எவ்வளவு விசித்திரமாக இருப்பினும் வாசல் திறந்திருந்தால் அது ஒருவரது நம்பிக்கை. கொள்கை எவ்வளவு முற்போக்காக இருப்பினும் வாசல் மூடியிருந்தால் அது பிடி. இதை நம் அமைப்புகள் மீதும் பொருத்திப் பார்க்க வேண்டும். ஆன்மாவின் விடுதலைக்கு பக்தி வழியாகலாம், அரசியலில் அது சர்வாதிகாரத்திற்கே இட்டுச்செல்லும் என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் எச்சரித்தார். விலகிய தோழரை மறுநாளே துரோகி என்று முகநூலில் எழுதும் நம் வழக்கமும் அந்த எச்சரிக்கைக்குள் வருகிறது.

'மூளைச்சலவை' என்னும் ஆயுதம்

நம்பிக்கையை அளவுகோலாக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1981இல் மீனாட்சிபுரத்துப் பட்டியல் சாதி மக்கள் இஸ்லாத்தைத் தழுவியபோது, சாதிக் கொடுமையைப் பற்றி அவர்கள் சொன்னதைக் கேட்காமல் வளைகுடாப் பணத்தைத் தேடினார்கள். சேலத்தில் ஹோமியோபதி மருத்துவம் படித்த ஹாதியா தன் விருப்பத்தால் மதம் மாறி மணந்தபோது, வயதுவந்த அப்பெண்ணின் திருமணத்தைக் கேரள உயர்நீதிமன்றம் 2017இல் ரத்து செய்தது. 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அதை மீட்டது. உத்தரப் பிரதேசத்தின் 2021 மதமாற்றத் தடைச் சட்டத்தில், மதம் மாற்றப்பட்டவர் சிறார், பெண் அல்லது பட்டியல் சாதி, பழங்குடியினர் என்றால் தண்டனை கூடுதல். நம்மைச் சிறாருடன் ஒரே வரிசையில் வைத்து, சொந்தமாக முடிவெடுக்க இயலாதவர்கள் என்று சட்டமே கருதுகிறது. சாதி மறுப்புத் திருமணம் செய்த பெண்ணை மீட்க ஓடிவரும் பெற்றோரும் 'மயக்கிவிட்டார்கள்' என்ற சொல்லையே பயன்படுத்துகின்றனர். ஆகவே இச்சொல்லைக் கையாளும்போது நமக்குக் கூடுதல் கவனம் தேவை.

வழக்கறிஞர் என்ற முறையில் இதன் நடைமுறை விளைவையும் சொல்ல வேண்டும். வயதுவந்த ஒருவர் நீதிபதி முன் 'என் விருப்பத்தால் இருக்கிறேன்' என்று சொன்னால் ஆட்கொணர்வு மனு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். அது சரியான சட்டமே. பிள்ளையை வலுவில் இழுத்துவருவது சட்டவிரோதக் காவலாகலாம். அதைவிட, குழு சொன்ன 'வெளியுலகம் உன்னை அடக்கும்' என்ற கதையை நாமே மெய்ப்பித்தவர்களாவோம்.

சட்டத்தில் உள்ள கருவிகள்

சொத்தோ பெருந்தொகையோ எழுதிக் கொடுத்திருந்தால் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 16 முதன்மையானது. ஒருவரது விருப்பத்தை ஆளும் நிலையில் இருப்பவர் அந்நிலையைப் பயன்படுத்தி நியாயமற்ற பயன் பெறுவது 'தகாத செல்வாக்கு'. பேரம் வெளிப்படையாகவே நியாயமற்றதாகத் தோன்றினால், செல்வாக்கைப் பயன்படுத்தவில்லை என்று நிரூபிக்கும் சுமை குருவின் தலையில் விழும். நன்கொடைப் பத்திரங்களுக்கும் இதே கொள்கை பொருந்தும். மறுமையில் ஆன்மா நலம்பெறும் என்று நம்பித் தன் சொத்தையெல்லாம் குருவுக்கு எழுதிவைத்த முதியவரின் பத்திரத்தை 1890இலேயே அலகாபாத் உயர்நீதிமன்றம் செல்லாதாக்கியது. மன்னு சிங் எதிர் உமாதத் பாண்டே என்ற அவ்வழக்கைச் சட்டக்கல்லூரி முதலாண்டிலேயே படிக்கிறோம். ஆனால் வழக்குமன்றத்தில் அதை நினைவுகூர்வோர் குறைவு. பத்திரத்தை ரத்து செய்யக் காலவரம்பு, உண்மை தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்.

'போனால் தெய்வக் குற்றம்' என்று அச்சுறுத்தி ஒருவரை இணங்க வைப்பதும் தனிக்குற்றம்: பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 354, ஓராண்டு வரை சிறை. காவல் நிலையத்தில் இப்பிரிவைச் சொன்னால் பெரும்பாலும் வியப்புடன் புத்தகத்தைப் புரட்டுவார்கள். ஒப்படைத்த ஆவணங்களைத் திருப்பித் தராவிட்டால் பிரிவு 316, நம்பிக்கை மோசடி. நம்பிக்கைக்கும் அதிகாரத்திற்கும் உரிய நிலையில் இருப்பவர் செய்யும் வல்லுறவுக்குப் பிரிவு 64(2) குறைந்தது பத்தாண்டு தண்டனை விதிக்கிறது. பாதிக்கப்பட்டவர் சிறார் எனில் போக்சோ சட்டம் மத நிறுவன நிர்வாகிகளின் குற்றத்தைக் கடுமையான வகையில் சேர்க்கிறது. பட்டியல் சாதியினரைக் கட்டாயப்படுத்திக் கூலியின்றி வேலை வாங்கியவர் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர் எனில், அதற்கு 'சேவை' என்று பெயரிட்டிருப்பினும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(1)(h) பொருந்துமா என்று ஆராய வேண்டும். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உரிமை. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

மீளுதல்

உள்ளே இருப்பவரின் குடும்பத்திற்கு நான் சொல்வது: குருவைத் திட்டாதீர்கள், தொடர்பை அறுக்காதீர்கள். தங்கையின் தேர்வு, பக்கத்து வீட்டுத் திருமணம், அம்மாவின் மூட்டுவலி என்று சாதாரணச் செய்திகளைச் சொல்லிக்கொண்டிருங்கள். திரும்பிவரும் நாளில் 'நாங்கள் அப்போதே சொன்னோமே' என்று ஒருவரும் வாயெடுக்கக் கூடாது. வெளியேற எண்ணுபவர் முதலில் ஆதார், வங்கிக் கணக்கு, சான்றிதழ் நகல்களைத் தன் வசப்படுத்தட்டும். குழு அறிந்த கடவுச்சொற்களை மாற்றட்டும். செலுத்திய தொகைகளின் ரசீதுகளையும் குரல் பதிவுகளையும் அழிக்காமல் வைத்திருக்கட்டும்.

வெளியே வந்த முதல் மாதங்களே கடினமானவை. என்ன உண்பது என்பதுகூடப் பிறர் முடிவாக இருந்தவருக்குச் சிறு தேர்வுகளும் மலைப்பைத் தரும். உறக்கமின்மை, சாப அச்சம், உள்ளே விட்டுவந்த நண்பர்கள் குறித்த குற்றவுணர்வு, சில நாட்களில் திரும்பிப் போய்விடும் ஏக்கம், தான் ஆள்சேர்த்துவிட்டவர்களை நினைத்து வெட்கம். இவற்றுக்கு மனநல மருத்துவர் தேவைப்படலாம். அரசின் டெலி மானஸ் எண் 14416 கட்டணமற்றது. ஆனால் மருத்துவரால் நிரப்ப முடியாத இடம் ஒன்று இருக்கிறது. அங்கே கிடைத்த பந்தியும் பெயர் சொல்லி அழைத்த குரல்களும் போய்விட்டன. வெளியே அதே ஊர், அதே தெரு காத்திருக்கிறது. வாசகர் வட்டம், மாணவர் அமைப்பு, மாலைநேரப் பாடசாலை என எங்கேனும் அவர் கேள்வி கேட்டும் இருக்கலாம், வராமலும் இருக்கலாம் என்ற இடம் நம்மிடம் உண்டா என்று அவரை அழைக்கும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த மாணவியின் சான்றிதழ்கள் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பிய மூன்றாம் வாரம் பதிவுத் தபாலில் வந்தன, கடிதம் எதுவுமின்றி. இழந்த பருவத்தை மீண்டும் எழுதுகிறார். காவல் புகார் கொடுப்பது பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை. காலவரம்பை மட்டும் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்போதும் நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறதாம். எழுந்து தேநீர் போட்டுக் குடித்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வதாகச் சொன்னார்.